ரோஜா வளர்த்த விஞ்ஞானி டாக்டர் பி. பி. பால்

மலர்களுள் ரோஜாவை விரும்பாதவர் யார்? பள்ளிக்குப் புறப்படும் சிறுமியின் பின்னலிலும், தேவமாதாவின் பீடத்திலும், மணமேடையிலும் அது இடம்பெறுகிறது. ஆனால், வாங்கிய செடி மறு ஆண்டும் பூத்தது என்று சொல்லக்கூடிய வீடுகள் நம் பகுதியில் எத்தனை? முண்டியம்பாக்கத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தெருவில் வரும் செடி வண்டியில் கையகலப் பூவைக் கண்டு மயங்கி ஒரு செடி வாங்குகிறோம். சித்திரை வெயில் முடிவதற்குள் இலை உதிர்ந்து, கொம்பு கருகி, தொட்டி மட்டும் எஞ்சுகிறது. நமக்குக் கைராசி இல்லை என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

கைராசியைக் குறை கூறுவதற்கு முன், அந்தச் செடி நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றதுதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியையே வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த பெருமகனார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அலுவல் நேரத்தில் மக்களின் பசி தீர்க்கும் கோதுமையையும், ஓய்வு நேரத்தில் மனத்துக்கு விருந்தாகும் ரோஜாவையும் வளர்த்தவர் அவர். அவரே டாக்டர் பெஞ்சமின் பியரி பால். அன்னாரின் வாழ்க்கையை அறிவது, நம் வீட்டு முற்றத்தில் ஒரு ரோஜாச் செடி நிலைத்து நிற்கவும் வழிகாட்டும்.

இளமையும் கல்வியும்

டாக்டர் பால் 1906ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் பஞ்சாபில் உள்ள முகுந்த்பூர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். அவர் பர்மாவில் பணியாற்றியதால் குழந்தைப் பருவமும் பள்ளிப் பருவமும் பர்மாவிலேயே கழிந்தன. மேமியோ நகரில் இருந்த புனித மைக்கேல் பள்ளியில் அவர் பயின்றார். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த அந்த மலை நகரம் குளிர்ச்சியானது. பூஞ்செடிகள் செழிக்கும் இடம். ரோஜாவின் மீதும் ஓவியத்தின் மீதும் அவருக்கு ஏற்பட்ட பற்று அங்கே முளைவிட்டதுதான். இறுதிவரை அவ்விரண்டையும் அவர் கைவிடவில்லை.

ரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று சிறப்புடன் தேறிய பின், மேற்படிப்புக்காக இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கோதுமை ஆராய்ச்சியில் அப்போது உலகப் புகழ் பெற்றிருந்த இடம் அது. கிரகோர் மெண்டல் என்னும் துறவி தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டறிந்த பரம்பரை விதிகளை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நோயை எதிர்க்கும் ஆற்றலும் அதே விதிகளின்படி தாய்ச் செடியிலிருந்து சேய்ச் செடிக்குச் செல்கிறது என்று கோதுமையில் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிஃபன். அந்த மரபில் வந்த அறிஞர்களிடம் பயிலும் பேறு பாலுக்குக் கிட்டியது. 1933இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் சிறிது காலம் பர்மாவில் நெல் ஆராய்ச்சிப் பணியில் இருந்தார். பின்னர் அக்டோபர் மாதம், பீகாரில் பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வந்து மூன்று மாதங்கள்தாம் ஆகியிருந்தன. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரை உலுக்கிய பெரும் பூகம்பத்தில் அந்நிலையத்தின் கட்டடம் இடிந்து பாழாயிற்று. 1936இல் ஆராய்ச்சி நிலையம் தில்லிக்கு மாற்றப்பட்டது. பழைய ஊரின் நினைவாகத் தில்லியில் அந்த இடத்தையும் மக்கள் பூசா என்றே இன்றும் வழங்குகிறார்கள். 1937இல், தமது 31ஆம் வயதில், பால் அந்நிலையத்தின் தாவரவியல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

துருவை எதிர்த்த கோதுமை

இரும்பைத் துரு அரிப்பது போலக் கோதுமையை அரிக்கும் பூஞ்சண நோய் ஒன்று உண்டு. அதற்கும் துரு என்றே பெயர். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என அது மூவகைப்படும். கோடைக்காலத்தில் சமவெளியின் வெயிலில் அழிந்தாலும், குளிர்ந்த மலைகளில் உயிர் பிழைத்திருந்து, காற்றின் வழியே மறுபடியும் வயல்களில் இறங்கும். இந்த உண்மையைக் கண்டறிந்தவர் ஆக்ரா பேராசிரியர் கே. சி. மேத்தா. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வரும் பகைவனை வயல்தோறும் மருந்து தெளித்து விரட்ட ஏழை உழவரால் இயலாது. நோய் தாக்கினாலும் பணியாத விதையை அவர் கையில் கொடுப்பதே வழி என்று பால் துணிந்தார்.

காலமோ கொடிய காலம். 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். 1946-47இல் மத்திய இந்தியாவின் கோதுமை வயல்களைத் துரு நோய் சூறையாடியது. பாலும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு வகையின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்துக் கலப்பினங்களை உண்டாக்கினர். அவற்றை நோய்க்கு நடுவிலேயே வளர்த்தனர். தாங்காதவற்றைக் கழித்துவிட்டு, தாங்கியவற்றை மீண்டும் விதைத்தனர். ஒரு கோதுமை வகையை இவ்வாறு உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். 1954இல் என்.பி. 809 என்னும் கோதுமை வெளிவந்தது. மூவகைத் துருவையும் எதிர்க்கும் ஆற்றலை ஒருங்கே பெற்ற கோதுமை என்று உலக அறிஞர்கள் அதனைப் போற்றினர்.

ஆயினும் அந்தக் கோதுமைக்கும் ஒரு குறை இருந்தது. பழைய இந்தியக் கோதுமைகளைப் போலவே அதுவும் நெடிதாக வளர்வது. உரம் மிகுதியாக இட்டால் கதிர்ப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். அந்நேரத்தில் மெக்சிகோ நாட்டில் டாக்டர் நார்மன் போர்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் குட்டைக் கோதுமைகளை உருவாக்கியிருந்தார். அவரை இந்தியாவுக்கு அழைக்க வேண்டும் என்று பாலிடம் எடுத்துரைத்தவர் நம் கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன்.

இந்த இடத்தில்தான் பாலின் உள்ளம் எத்தகையது என்பது விளங்குகிறது. தாம் பாடுபட்டு உருவாக்கிய கோதுமை ஒரு பக்கம். அதை ஓரங்கட்டிவிடக்கூடிய அயல்நாட்டுக் கோதுமை மறுபக்கம். 1950 முதல் தில்லி நிலையத்தின் இயக்குநராக இருந்த அவர் நினைத்திருந்தால் தயக்கம் காட்டியிருக்கலாம். அவரோ அழைப்புக்கு ஆவன செய்தார். 1963இல் போர்லாக் இந்தியாவுக்கு வந்தார். யாருடைய விதை என்பதைவிட நம் வயலில் எது நின்று விளையும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

1966இல் வறட்சியால் நாடு ஏறக்குறைய 1 கோடி டன் உணவு தானியத்தை வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரவழைக்க நேர்ந்தது. அதே ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையும் வந்தது. மெக்சிகோ கோதுமையின் செந்நிற மணியை நம் மக்கள் விரும்பவில்லை. எனவே நம் விஞ்ஞானிகள் அதிலிருந்து நம் சுவைக்கு ஏற்ற பொன்னிற மணிகளைத் தேர்ந்தெடுத்தனர். கல்யாண் சோனா, சோனாலிகா ஆகிய வகைகள் பிறந்தன. ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் டன் அளவில் நின்றிருந்த கோதுமை விளைச்சல் 1968இல் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் டன்னாக உயர்ந்தது. இந்த ஆண்டுகளில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக, 1965 முதல் 1972 வரை, நாட்டின் வேளாண் ஆராய்ச்சி முழுவதையும் வழிநடத்தியவர் டாக்டர் பால்.

தில்லி வெயிலில் ஒரு ரோஜாத் தோட்டம்

இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் பால் தம் தோட்டத்தை மறந்தாரில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு வேளைகளை ஓவியத்துக்கும் ரோஜாவுக்கும் தந்தார்.

அக்காலத்தில் நம் நாட்டுத் தோட்டங்களில் இருந்த பெரும்பாலான உயர்வகை ரோஜாக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானவை. 1867இல் பிரான்சில் வெளிவந்த லா பிரான்ஸ் என்னும் ரோஜாவிலிருந்து ஹைப்ரிட் டீ என்னும் பிரிவு தொடங்கிற்று என்பர். நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூவாகப் பூப்பது அந்த வகை. பனி பெய்யும் நாட்டில் பிறந்த அச்செடிகளுள் பல, நம் வெயிலில் வாடிப்போகும், மழையில் நோயுறும். அவை இறந்தால் மறுபடியும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். கோதுமையில் கேட்ட அதே கேள்வியைப் பால் ரோஜாவிடமும் கேட்டார். தில்லிக் கோடையைத் தாங்கி, குளிர்காலத்தில் குறைவின்றிப் பூக்கும் ரோஜாக்களைத் தம் கையாலேயே உருவாக்க முனைந்தார்.

புதிய ரோஜா ஒன்றை உண்டாக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தாய்ச் செடியின் மொட்டு விரிவதற்கு முன்பே அதன் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் அகற்ற வேண்டும். வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூச்சிகள் அணுகாதபடி காகித உறையிட்டுக் கட்ட வேண்டும். காய் பழுக்கச் சில மாதங்கள் ஆகும். விதைகளை ஊன்றினால் எல்லாம் முளைப்பதில்லை. முளைத்த நூற்றுக்கணக்கான நாற்றுகளில் தேறுவது ஒன்றோ இரண்டோ. அதையும் வேறு வேரில் மொட்டு ஒட்டுக் கட்டி, பல பருவங்கள் சோதித்த பின்பே பெயர் சூட்டுவார்கள்.

இவ்வாறு பிறந்தவையே டெல்லி பிரின்சஸ், ரோஸ் ஷெர்பட், பஞ்சாரன் முதலிய ரோஜாக்கள். 1963இல் வெளிவந்த டெல்லி பிரின்சஸ் கொத்துக்கொத்தாகப் பூத்துக் குலுங்கும் வகை. ரோஸ் ஷெர்பட் நறுமணத்துக்குப் பெயர் பெற்றது. 1966 ஜனவரியில் விமான விபத்தில் மறைந்த அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் நினைவாக வெண்ணிற ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார். காகிதப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லாவிலும் புதிய வகைகளை உண்டாக்கினார். இந்தியாவில் ரோஜா வளர்ப்பதைப் பற்றி 1966இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட பெரிய நூல், தோட்டக்கலை பயில்வோரின் கைகளில் நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது.

நம் ஊருக்கு ஏற்ற ரோஜா

பாலின் கேள்வியை இனி நம் ஊர் மண்ணில் கேட்டுப் பார்ப்போம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கோடை வெயில் கடுமையானது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். 2024இல் வந்த பெஞ்சல் புயலின்போது வயலும் வீதியும் வெள்ளக்காடானதை நாம் கண்டோம். வெயிலையும் தேங்கும் நீரையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டிய செடிக்கு முதல் தகுதி உரம் வாய்ந்த உடல்; பூவின் பருமன் அதற்கு அடுத்ததே.

அத்தகுதியில் முதலிடம் பெறுவது, நம் மக்கள் பன்னீர் ரோஜா என்று வழங்கும் இளஞ்சிவப்பு எட்வர்டு ரோஜா. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் தோன்றியது அது. வெப்பத்தைத் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் சீன ரோஜாவின் இயல்பும், மணம் மிக்க டமாஸ்க் ரோஜாவின் இயல்பும் அதில் கலந்துள்ளன. பென்சில் பருமனுள்ள முற்றிய கொம்பை மழைக்காலத்தில் ஊன்றினாலே வேர்விடும். ஆகையால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு கொம்பு கேட்டால் போதும். அடுத்து, மாலை கட்டுவோர் விரும்பும் ஆந்திரா சிவப்பு ரோஜா. மூன்றாவதாக, புளோரிபண்டா எனப்படும் கொத்துப்பூ ரோஜாக்கள். பெரும்பூ ரோஜாவை இவற்றில் கைபழகிய பின்பு முயன்று பார்க்கலாம்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, சில நாள் ஆறவிட்டு, செம்மண்ணும் நன்கு மக்கிய தொழு உரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். களிமண் நிலமானால் மணலும் சேர்க்க வேண்டும். மழைநீர் தேங்காதபடி நடும் இடத்தைச் சற்று மேடாக்குவது நம் பகுதியில் மிகவும் இன்றியமையாதது. ஒட்டுச் செடியானால் ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். முடிச்சுக்குக் கீழிருந்து கிளைக்கும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். அது வேர்ச்செடியின் தளிர். விட்டுவிட்டால் நல்ல செடியின் உணவை எல்லாம் அதுவே உண்டுவிடும்.

தண்ணீரைக் காலையில் வேரடியில் ஊற்ற வேண்டும். மாலையில் இலைமேல் தெளித்தால் ஈரம் இரவெல்லாம் தங்கி, கரும்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். கோடையில் வேரடி காயாமல் காக்க நம் ஊரில் பஞ்சமில்லாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் கரும்புச் சோகை. வயலில் வீணே எரிக்கப்படும் அச்சோகையைத் தண்டில் படாமல் செடியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும். நாளடைவில் மக்கி உரமாகும்.

வாடிய பூவைக் காம்புடன், அடுத்துள்ள ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்கு மேலே நறுக்குங்கள். அங்கிருந்து புதுத் தளிர் கிளம்பும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த நாள் பார்த்துக் கவாத்துச் செய்ய வேண்டும். காய்ந்த கொம்புகளையும் ஒன்றோடொன்று உரசும் கொம்புகளையும் நீக்கி, மற்றவற்றைப் பாதியளவுக்கு வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவினால் நுனிக்கருகல் நோய் இறங்காது. கத்தியை எடுக்கும்போது நம் மனம் தயங்கும். வெட்டத் தயங்கியவர் தோட்டத்தில் கொம்பு பெருகும், பூ குறையும்.

மறைவும் நிலைத்த புகழும்

டாக்டர் பாலை நாடும் உலகமும் பாராட்டின. 1959இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1987இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை இந்திய அரசு வழங்கியது. 1972இல் லண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. அவ்வாண்டில் அவர் ஓய்வு பெற்றபோது, ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் சுவாமிநாதனே. தாம் வளர்த்த இளைஞர் தம் இடத்தில் அமர்வதைக் காண்பதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறு பேறு உண்டோ? 1989 செப்டம்பர் 14ஆம் நாள், தமது 83ஆம் வயதில் பால் இயற்கை எய்தினார். தம் உடைமைகளைத் தாம் பணியாற்றிய தில்லி ஆராய்ச்சி நிலையத்துக்கே விட்டுச் சென்றார்.

அவருக்குப் பின்னும் அந்தப் பணி நிற்கவில்லை. நம் கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன் என்பார், இந்தியாவின் காடுகளில் தாமே வளரும் காட்டு ரோஜாக்களைத் தோட்ட ரோஜாக்களுடன் கலந்து, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற புதிய வகைகளை உருவாக்கினார். அவற்றுள் ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு ஜானகி அம்மாள் என்று பெயர். தலைச்சேரியில் கன்னியர் மடப் பள்ளியில் படித்து, சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, 1984இல் மறைந்த தாவரவியல் மேதை ஜானகி அம்மாளின் பெயரே அது. கன்னியர் பள்ளி மாணவி ஒருத்தி பிற்காலத்தில் ஒரு ரோஜாவின் பெயராக மலர்ந்தாள் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி அல்லவா?

அன்பு மாணவிகளே! வெளித்தோற்றத்தில் மயங்காமல், நிலைத்து நிற்கும் தன்மையைக் கண்டு தேர்ந்தெடுத்தார் பால். தேர்ந்தெடுத்ததைப் பல ஆண்டுகள் சலிப்பின்றிப் பேணினார். தம்முடையதைவிடச் சிறந்ததைக் கண்டபோது மனமார வரவேற்றார். இவை ரோஜாவுக்கு மட்டும் உரிய பாடங்களா? தோழியரைத் தேர்வதிலும், படிப்பைத் தேர்வதிலும் இவை கைகொடுக்கும். வரும் மழைக்காலத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு பன்னீர் ரோஜாக் கொம்பை ஊன்றுங்கள். அது வேர்விட்டு, ஒரு கோடையைக் கடந்து பூத்த பின், அதிலிருந்து ஒரு கொம்பை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அந்த மாமேதைக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.